கோலாலம்பூர் ஒலிம்பிக் கேட்டால் கையெழுத்துப் போடுவது யார்?

(ஓர் இணைய உரையாடல். ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

செந்தூல் ரயிலடி

2027 சீ விளையாட்டுப் போட்டி, அதாவது தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி, நம் நாட்டுக்கு வருகிறது. கோலாலம்பூரோடு சரவாக், பினாங்கு, ஜொகூரிலும் நடக்கப் போகிறது. "அடுத்தது ஒலிம்பிக்தான்" என்று இப்போதே சிலர் ஆரம்பித்துவிட்டார்கள்.

கோலாலம்பூர் ஏற்கெனவே ஒருமுறை ஒலிம்பிக் கேட்டது என்பது பலருக்கு நினைவில்லை. 2008 போட்டிக்கு விண்ணப்பித்த பத்து நகரங்களில் நாமும் ஒன்று. பெய்ஜிங், டொரொன்டோ, பாரிஸ், இஸ்தான்புல், ஒசாகா அடுத்த சுற்றுக்குப் போயின. பாங்காக், கெய்ரோ, ஹவானா, செவில்லாவோடு சேர்த்து நம்மையும் 2000 ஆகஸ்டிலேயே கழித்துவிட்டார்கள்.

அதன் பிறகு 2015-ல் ஒலிம்பிக் நம் ஊருக்கு வேறு வழியில் வந்தது. 2022 குளிர்கால ஒலிம்பிக் யாருக்கு என்ற வாக்கெடுப்பு, ஜூலை 31 அன்று கே.எல்.சி.சி. மாநாட்டு மையத்தில் நடந்தது. பெய்ஜிங் 44, அல்மாத்தி 40. ஏன் இரண்டே நகரங்கள்? ஸ்டாக்ஹோம், கிராக்கோவ், லிவிவ், ஓஸ்லோ எல்லாம் வரிசையாக விலகிப் போயிருந்தன. கிராக்கோவில் மக்களிடம் வாக்குக் கேட்டார்கள், பத்தில் ஏழு பேர் வேண்டாம் என்றார்கள். லிவிவ் விலகியதற்கு உக்ரைன் போர். ஓஸ்லோவில் அரசாங்கமே பண உத்தரவாதம் தர மறுத்தது.

அதே வாரம், ஜூலை 27 அன்று, பாஸ்டன் மேயர் மார்ட்டி வால்ஷ் செய்தியாளர்களைக் கூப்பிட்டு, செலவு எல்லை மீறினால் நகரம் ஏற்கும் என்ற உத்தரவாதத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். சில மணி நேரத்தில் 2024-க்கான பாஸ்டன் விண்ணப்பம் காலி.

என் கேள்வி இதுதான். நாளைக்கு கோலாலம்பூர் மறுபடி கேட்டால், அப்படிக் கையெழுத்துப் போட மறுக்கக்கூடிய ஆள் இந்த நகரத்தில் யார்?

பட்டர்வொர்த் ஃபெரி

அண்ணே, மறுக்கிற ஆள் எதற்கு? வேலையை முடிக்கிற ஆள்தானே வேண்டும்.

1998-ஐப் பாருங்கள். 1992-ல் அடிலெய்டை 40-க்கு 25 என்று தோற்கடித்து காமன்வெல்த் போட்டியை வாங்கினோம். ஆசியாவில் முதல் நகரம் நாம்தான். பிரதமர் மகாதீர் ஒன்று நினைத்தார், நடந்தது. புக்கிட் ஜாலில் அரங்கம் எழுந்தது, எல்.ஆர்.டி. ரயில் அந்தப் பக்கம் நீண்டது, போட்டியாளர்கள் தங்கிய விஸ்தா கொமன்வெல் இன்றைக்கும் அடுக்குமாடி வீடுகளாக நிற்கிறது. 97 நெருக்கடியில் ரிங்கிட் விழுந்து கிடந்த நேரத்தில் இதைச் செய்தோம். வீடு வீடாகப் போய் "உங்களுக்குச் சம்மதமா" என்று கேட்டிருந்தால் இன்னும் புல்தான் முளைத்திருக்கும்.

பதக்கப் பட்டியலில் நாலாவது இடம், பத்துத் தங்கம். அந்தச் சந்தோஷத்தையும் கொஞ்சம் கணக்கில் சேருங்கள்.

தொண்ணூற்றெட்டு

நான் பிறந்த வருடம். ஆனால் அந்தப் போட்டியைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்செடுத்தால் பதக்கம் வராது, அந்த வருடத்து ரிஃபோர்மாசி மக்கள் போராட்டம்தான் வரும்.

செந்தூல் ரயிலடி

தம்பி சொன்னது சரி. துணைப் பிரதமர் அன்வார் பதவி நீக்கப்பட்டது செப்டம்பர் 2. போட்டி தொடங்கியது 11. டத்தாரான் மெர்டேக்கா சதுக்கத்தில் அவருக்காகப் பெரிய கூட்டம், அன்று இரவே அவர் கைது, இரண்டும் செப்டம்பர் 20. மறுநாள் எலிசபெத் ராணியார் நிறைவு விழாவில் இருந்தார். ஒரே நகரத்தில் ஒரு பக்கம் வாணவேடிக்கை, மறுபக்கம் கண்ணீர்ப்புகை. அந்த வாரம் வேலைக்கு ரயிலில் போனவர்களுக்குத் தெரியும், பெட்டிக்குள் யாரும் போட்டியைப் பற்றிப் பேசவில்லை.

அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான் நம் 2008 விண்ணப்பத்தைப் பரிசீலித்தார்கள். கழித்துவிட்டதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. போட்டியிட்ட மற்ற நகரங்களும் சாதாரண ஊர்கள் இல்லை. ஆனால் அந்த முதல் வடிகட்டலில் "அரசாங்க ஆதரவும் பொதுமக்கள் கருத்தும்" என்று ஒரு தலைப்பே இருந்தது. முதல் பாதி நம்மிடம் எப்போதும் நிறைய இருக்கும். இரண்டாவது பாதியை இங்கே அளப்பதற்குக் கருவியே கிடையாது.

ஃபெரி தம்பி, ஒரு தலைவர் நினைத்தால் நடக்கும் என்கிறீர்களே, அதே தலைவர் மாறினால்? விண்ணப்பத்துக்கும் போட்டிக்கும் நடுவில் குறைந்தது ஏழு வருடம் இருக்கிறது. 2018-க்கு அப்புறம் நாம் எத்தனை பிரதமர்களைப் பார்த்தோம் என்று விரல் விட்டு எண்ணுங்கள்.

கணக்கப்பிள்ளை

பணத்தைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன்.

ஒலிம்பிக் ஒப்பந்தத்தில் அடிப்படை ஏற்பாடு இதுதான்: ஒளிபரப்பு, பெரிய விளம்பரதாரர் வருமானத்தில் அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் ஒரு பங்கு தரும். ஆனால் செலவு எகிறினால் அது நடத்தும் ஊரின் தலையில். "ஆணுக்குக் குழந்தை பிறந்தாலும் பிறக்கும், ஒலிம்பிக்கில் நஷ்டம் வராது" என்கிற மாதிரிப் பேசினார் மாண்ட்ரியல் மேயர் ஜான் டிராப்போ. 1976-ல் நடந்த போட்டியின் கடனை அந்த ஊர் 2006-ல்தான் அடைத்து முடித்தது.

லாஸ் ஏஞ்சலஸ் 1984-ல் 200 மில்லியன் டாலருக்கு மேல் லாபம் பார்த்ததே என்பீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. தெஹ்ரான் விலகியதால் போட்டிக்கு வேறு ஊரே இல்லை. அதோடு, நகரத்தின் பொதுப் பணத்தை இதில் கொட்டக் கூடாது என்று 1978-லேயே வாக்காளர்கள் விதி போட்டுவிட்டார்கள். அதைக் காட்டியே நகரம் பேரம் பேசியது. வேண்டாம் என்று சொல்ல முடிந்த ஊருக்குத்தான் நல்ல ஒப்பந்தம் கிடைத்தது, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

நம் கதைக்கு வருகிறேன். 2026 காமன்வெல்த் போட்டியை நடத்த ஒத்துக்கொண்ட விக்டோரியா மாநிலம், 2023 ஜூலையில் கைவிட்டது. 2.6 பில்லியன் ஆஸ்திரேலிய டாலர் என்று ஆரம்பித்த கணக்கு 6 பில்லியனைத் தாண்டும் என்றார் முதல்வர் டேனியல் ஆண்ட்ரூஸ். விலகியதற்கே 380 மில்லியன் டாலர் கட்டினார்கள். அப்புறம் காமன்வெல்த் விளையாட்டுக் கூட்டமைப்பு அந்தப் போட்டியை நம்மிடம் நீட்டியது, கூடவே 100 மில்லியன் பவுண்டு. ஏறத்தாழ 600 மில்லியன் ரிங்கிட். மலேசிய ஒலிம்பிக் மன்றம் ஆர்வமாக இருந்தது. 2024 மார்ச்சில் அமைச்சரவை வேண்டாம் என்றது: நேரம் போதாது, அந்தத் தொகையும் போதாது.

என்னைக் கேட்டால் சரியான முடிவு. யார் பிரதமராக இருந்தபோது என்று பார்த்தீர்களா? 1998 போட்டி முடிவதற்கு முந்தின நாள் கைதானவர்.

பட்டர்வொர்த் ஃபெரி

பார்த்தீர்களா, அமைச்சரவையே வேண்டாம் என்று சொல்கிறதே. அண்ணன் கேட்ட "மறுக்கக்கூடிய ஆள்" அங்கே இருக்கிறார்!

செந்தூல் ரயிலடி

அது நாட்டின் கஜானா சொன்ன "வேண்டாம்". நகரம் எதுவும் சொல்லவில்லை. நகரத்தை யாரும் கேட்கவும் இல்லை. அன்றைக்கு அமைச்சரவை சரி என்றிருந்தாலும் அதே கதைதான்.

தோட்டத்து மகள்

புக்கிட் ஜாலில் அரங்கத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்களுக்காக எழுதுகிறேன். கோபம் இல்லை, ஆனால் இதை விட்டுவிட்டு அந்த இடத்தைப் பற்றிப் பேச எனக்கு வராது.

அது ரப்பர் தோட்டம். கோலாலம்பூர் எல்லைக்குள் கடைசியாக மிஞ்சிய தோட்டங்களில் ஒன்று. என் அம்மாவின் சொந்தக்காரர்கள் அங்கே பால் வெட்டினார்கள். 1980 வாக்கில் அரசாங்கம் நிலத்தை எடுத்தது. ஆயிரத்துச் சொச்சம் ஏக்கர். அதில்தான் பின்னால் தேசிய விளையாட்டு வளாகம், கோல்ஃப் திடல், வீட்டு மனைகள், இப்போது பேரங்காடி எல்லாம். வெட்டு நின்றுபோனது, லயத்து வீடுகள் நின்றன, ஜனங்களும் நின்றார்கள். காமன்வெல்த் போட்டிக்குக் கொடிகள் கட்டியபோதும் அந்த லயங்களில் ஆள் இருந்தது. 2011 வாக்கில் மிச்சம் 41 குடும்பங்கள். அவர்கள் கேட்டது நாலு ஏக்கர். அடுக்குமாடி வேண்டாம், தரைவீடு கட்டிக்கொள்ள நாலு ஏக்கர். கிடைத்தது வெளியேறச் சொல்லும் நோட்டீஸ். அதை எதிர்த்து நின்றார்கள், ஊர்வலம் போனார்கள், சோசலிசக் கட்சிக்காரர்கள் கூட வந்தார்கள்.

ஒலிம்பிக் கேட்கும் ஊர்கள் "மரபுச் சொத்து" என்று ஒரு அத்தியாயம் எழுதுவார்களாம், போட்டிக்குப் பின் மக்களுக்கு என்ன மிஞ்சும் என்று. எங்கள் ஆட்களுக்கு அந்த அத்தியாயத்தில் ஒரு வரி கூட இல்லை. 1992-ல் அந்த ஓட்டெடுப்புக்கு முன்னால் தோட்டத்தில் ஒரு கூட்டம் போட்டுக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? "வேண்டாம்" என்று சொல்லியிருக்கமாட்டார்கள். கோயில் இடத்தை விட்டுவையுங்கள், பள்ளிக்கூடத்தை விட்டுவையுங்கள், எங்களுக்கும் பக்கத்திலேயே வீடு கொடுங்கள், அப்புறம் தாராளமாக ஓடுங்கள் குதியுங்கள் என்றுதான் சொல்லியிருப்பார்கள். எதிர்ப்பு என்றால் எல்லாவற்றையும் தடுப்பது என்று நினைக்காதீர்கள் ஃபெரி அண்ணா. பாதி நேரம் அது பேரம்.

தொண்ணூற்றெட்டு

அக்கா, இது எனக்குத் தெரியாது. பக்கத்தில்தான் பல வருடமாகக் கச்சேரி பார்க்கப் போகிறேன்.

பட்டர்வொர்த் ஃபெரி

தங்கச்சி சொல்வதை மறுக்கமாட்டேன். ஆனால் மக்களிடம் கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் கதை. உங்கள் கோலாலம்பூரிலேயே தாமான் ரிம்பா கியாரா பூங்கா வழக்கு இருக்கிறதே. பக்கத்துத் தாமான் துன் குடியிருப்பு மக்கள் பூங்காவைக் காப்பாற்ற நீதிமன்றம் போனார்கள், 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் வரை ஜெயித்தார்கள். அந்தத் திட்டத்தில் யாருக்கு வீடு கட்டித் தருவதாக இருந்தது? 1980-களின் தொடக்கத்திலிருந்து அங்கே நீண்ட வீடுகளில் காத்திருக்கும் முன்னாள் புக்கிட் கியாரா தோட்டத் தொழிலாளர்களுக்கு. நம் ஆட்கள்தான். ஆக, மக்கள் எழுச்சி ஜெயித்தது, தோட்டத்துக் குடும்பங்கள் பழைய இடத்திலேயே நின்றன. இதில் யாருடைய குரல் நகரத்தின் குரல்?

தோட்டத்து மகள்

அந்த மேம்பாட்டாளர் கேட்டது வெறும் தொழிலாளர் வீடுகளுக்கான இடம் இல்லை அண்ணா, கூடவே சொகுசு அடுக்குமாடிகளும். பூங்காவைக் காப்பாற்றியவர்களும் அதைத்தான் எதிர்த்தார்கள். நீண்ட வீட்டுக்காரர்களுக்கு அங்கேயே வீடு கட்ட வேண்டும் என்று அவர்களில் பலர் சொன்னார்கள். ஆனால் நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. வக்கீல் வைக்க முடிந்தவர் குரல் முதலில் கேட்கும்.

செந்தூல் ரயிலடி

இங்கேதான் பாஸ்டன் கதை உதவும், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

2015 ஜனவரியில் அமெரிக்க ஒலிம்பிக் குழு பாஸ்டனைத் தேர்ந்தெடுத்தபோது பெரிய வியாபாரிகள், மேயர், எல்லாரும் ஒரு பக்கம். எதிர்ப்பக்கம் சில இளைஞர்கள் நடத்திய சிறு குழுக்கள், கையில் காசு இல்லை. அவர்கள் செய்தது எளிய காரியம்: விண்ணப்ப ஆவணத்தைக் காட்டு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆவணம் துண்டு துண்டாக வெளியே வந்தது. மார்ச்சில் எடுத்த கருத்துக் கணிப்பில் ஆதரவு 36 விழுக்காடு. ஜூலையில் மேயர் பின்வாங்கினார். அவருக்கு அடுத்த தேர்தல் இருந்தது. அவ்வளவுதான் ரகசியம்.

ஹம்பர்க் அதே வருடம் நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தியது, 51.6 விழுக்காடு வேண்டாம். ரோமில் 2016-ல் வென்ற மேயர் விர்ஜீனியா ராஜ்ஜி வந்த சில மாதங்களில் விண்ணப்பத்தை நிறுத்தினார். ஹங்கேரியின் புடாபெஸ்ட்தான் என்னை யோசிக்கவைத்தது. அப்போது அங்கே பிரதமர் ஆர்பானின் அரசாங்கம், பலமான அரசாங்கம். மொமென்டம் என்ற இளைஞர் குழு பொது வாக்கெடுப்பு கேட்டுப் பனிக்காலத்தில் தெருவில் மேசை போட்டு 2 லட்சத்து 66 ஆயிரம் கையெழுத்து வாங்கியது. தேவைப்பட்டது அதில் பாதிதான். வாக்கெடுப்புக்குப் போனால் தோற்போம் என்று தெரிந்ததும் 2017 பிப்ரவரியில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார்கள். குழு கட்சியாகிவிட்டது, 2019-ல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் இரண்டு இடம்.

அதனால்தான் 2024-க்குக் கடைசியில் பாரிஸும் லாஸ் ஏஞ்சலஸும் மட்டும் மிஞ்சின. ஒன்றுக்கு 2024, இன்னொன்றுக்கு 2028 என்று 2017-ல் லிமாவில் ஒரே நாளில் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். ஒலிம்பிக் மன்றம் ஊர்களைத் தேர்ந்தெடுத்த காலம் போய், ஊர்கள் மன்றத்தைத் தேர்ந்தெடுக்கும் காலம்.

தொண்ணூற்றெட்டு

எல்லாரும் "வேண்டாம்" கதையையே சொல்கிறீர்கள். லண்டன்? பார்சலோனா?

கணக்கப்பிள்ளை

லண்டனை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, அதுதான் அதன் அழகு. 2012-க்கு ஒலிம்பிக் மன்றம் எடுத்த கணிப்பில் மட்ரிட் மக்கள் ஆதரவு 91 விழுக்காடு, பாரிஸ் 85, லண்டன் 68. ஜெயித்தது லண்டன், 2005 ஜூலை 6 அன்று சிங்கப்பூரில், பாரிஸை 54-க்கு 50. டோனி பிளேர் முன்கூட்டியே சிங்கப்பூர் வந்து உறுப்பினர்களை ஒவ்வொருவராகச் சந்தித்தார். சரி, தலைவர் வந்தால் ஜெயிக்கலாம் என்று நினைத்து ஒபாமா 2009-ல் சிகாகோவுக்காக கோப்பன்ஹேகன் போனார். சிகாகோ முதல் சுற்றிலேயே வெளியே, 18 ஓட்டு.

நியூயார்க் கதை யாருக்கும் தெரிவதில்லை. மேயர் புளூம்பெர்க் மன்ஹாட்டனில் அரங்கம் கட்டித் தருகிறேன் என்றார். வாக்கெடுப்புக்கு ஒரு மாதம் முன்பு மாநில அரசியல்வாதிகள் அந்த அரங்கத்துக்கு ஒப்புதல் தர மறுத்தார்கள். நகரமும் மாநிலமும் சண்டை போட்டால் இப்படித்தான்.

செந்தூல் ரயிலடி

பார்சலோனா நேரெதிர். சர்வாதிகாரி ஃபிராங்கோ போய் 1979-ல் முதல் நகராட்சித் தேர்தல் நடந்தது. 1981-ல் ஒலிம்பிக் யோசனையை வெளியிட்டவர் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர். 1986-ல் உரிமை வந்தபோது மேயர் மரகாய் சோசலிஸ்ட், கத்தலோனியாவில் பூஜோலின் தேசியவாதக் கட்சி, மட்ரிடில் பிரதமர் கொன்சாலஸ். எளிதில் ஒத்துப்போகாத இந்த மூன்று அரசாங்கங்களும் ஒரே கூட்டமைப்பில் உட்கார்ந்து செலவைப் பிரித்துக்கொண்டன. ஒலிம்பிக் மன்றத் தலைவர் சமராஞ்ச் அந்த ஊர்க்காரர் என்பதும் உதவியது, அதை மறைக்க வேண்டாம்.

அங்கே ஒலிம்பிக் என்பது "எங்கள் ஊரை நாங்களே நடத்துகிறோம்" என்ற வேகத்தின் மேல் ஏறி வந்தது. வேகம் முதலில், விண்ணப்பம் அப்புறம். இங்கே சிலர் விண்ணப்பம் போட்டால் வேகம் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறார்கள்.

பட்டர்வொர்த் ஃபெரி

சரி, அந்த நகராட்சித் தேர்தலுக்கு வருவோம். இதில் பினாங்குக்காரன் பேச உரிமை அதிகம். ஜார்ஜ் டவுனில் 1951 டிசம்பரிலேயே தேர்தல் வந்துவிட்டது, உங்களுக்கு 1952. இந்தோனேசியாவோடு கோன்பிரோந்தாசி மோதல் நடந்த சமயத்தில் 1965-ல் நிறுத்தியது திரும்பி வரவே இல்லை. மாநில அரசு 2012-ல் சட்டம் போட்டுப் பார்த்தது, 2014-ல் கூட்டரசு நீதிமன்றம் முடியாது என்றது.

ஆனாலும் பினாங்கில் தேர்தல் இல்லாமலேயே ஜனங்கள் திட்டங்களை நிறுத்தியிருக்கிறார்கள். தெற்குக் கடலில் மூன்று தீவு கட்டும் திட்டத்தை மீனவர்கள் வருடக்கணக்கில் எதிர்த்தார்கள், 2023-ல் அது ஒரு தீவாகச் சுருங்கியது. அதனால் ஓட்டுச் சீட்டு மட்டும்தான் கருவி என்று சொல்லாதீர்கள்.

செந்தூல் ரயிலடி

கோலாலம்பூரில் 1965 வரை கூட இல்லை. கூட்டரசுத் தலைநகரச் சட்டம் வந்து 1961-லேயே தேர்ந்தெடுத்த மன்றம் போய் ஆணையர் வந்துவிட்டார். 1974-ல் கூட்டரசுப் பிரதேசம் ஆனது. டத்தோ பண்டார், அதாவது மேயர், நியமனம்தான். நமக்கு 11 நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள், ஆனால் மாநகர் மன்றம் என்று ஓட்டுப் போட்டு முடிவெடுக்கும் அவை இல்லை. பினாங்கில் குறைந்தது மாநில அரசு என்று கோபத்தைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் இருக்கிறது. மீனவர்கள் அதைத்தான் பயன்படுத்தினார்கள். இங்கே கோபம் நேரே மத்திய அரசு இருக்கும் புத்ராஜெயா போக வேண்டும். நாட்டு அரசியல் நன்றாக இருந்தால் பதில் வரும். இல்லாவிட்டால் 1998.

கணக்கப்பிள்ளை

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். இப்போது முறையே மாறிவிட்டது. 2019-க்குப் பிறகு ஊர்களை வரிசையில் நிறுத்தி ஓட்டெடுப்பது இல்லை. ஒரு குழு பேசிப் பார்த்து ஒரு ஊரை மட்டும் முன்மொழிகிறது. பிரிஸ்பேன் 2032-ஐ அப்படித்தான் 2021-ல் வாங்கியது, 72-க்கு 5. சண்டை இல்லாமல் முடிந்தது என்று சொன்னார்கள். சண்டை பின்னால் வந்தது. காபா மைதானத்தை இடித்துக் கட்டுவதா இல்லையா என்று வருடக்கணக்கில் இழுபறி. மாநில முதல்வர் பாலஷே 2023 இறுதியில் பதவி விலகினார், அடுத்தவர் வேறு மைதானம் என்றார், 2024 தேர்தலில் அவரும் போனார். புதிய அரங்கம் கட்டமாட்டேன் என்று சொல்லி வந்த புதிய முதல்வர் கிரிசஃபுல்லி, 2025 மார்ச்சில் விக்டோரியா பார்க்கில் 63,000 இருக்கை அரங்கம் அறிவித்தார்.

முன்னால் கேட்காத கேள்வியைப் பின்னால் கேட்டால் விலை கூடும். ஆனால் ஆஸ்திரேலியர்களுக்கு அதற்குத் தேர்தல் இருந்தது.

பட்டர்வொர்த் ஃபெரி

ஐயா, அப்படியென்றால் நாம் கேட்கவே கூடாது என்கிறீர்களா? ஒலிம்பிக்கில் ஒரு தங்கம் கூட இல்லாத நாடு, சொந்த மண்ணில் ஓடினால் ஒருவேளை வரும்.

கணக்கப்பிள்ளை

தங்கம் வேண்டுமென்றால் பேட்மிண்டன் பயிற்சியாளருக்குச் சம்பளம் ஏற்றுங்கள், அரங்கத்தை விட மலிவு. லீ சோங் வெய் மூன்று வெள்ளி வாங்கியதற்குக் காரணம் மைதானம் இல்லாதது இல்லை.

கேட்பதானால் இப்படிக் கேளுங்கள் என்பேன்: உத்தரவாதக் கடிதம் கையெழுத்தாகும் முன் அது நாடாளுமன்றத்தில் மேசைக்கு வர வேண்டும், எந்த நிலம், எத்தனை குடும்பம் என்று இணைப்போடு. நகரத்துக்குத் தேர்ந்தெடுத்த மேயர் இல்லாத வரைக்கும் அந்த 11 பேரைத்தான் பிடிக்க முடியும்.

தோட்டத்து மகள்

ஒத்திகையை 2027-லேயே ஆரம்பிக்கலாமே. சீ போட்டிக்கு எந்த அரங்கத்தைப் புதுப்பிக்கிறார்கள், எவ்வளவு செலவு, போட்டி முடிந்ததும் சாவி யார் கையில். என் தொகுதி உறுப்பினருக்கு இந்த மூன்றையும் எழுதி அனுப்பப் போகிறேன். மலாயில் எழுதித் தர யாராவது கை கொடுங்கள், என் மலாய் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு மலாய்.

தொண்ணூற்றெட்டு

நான் எழுதித் தருகிறேன் அக்கா, தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஃபெரி அண்ணா, பினாங்கு அரங்கங்களுக்கு நீங்களும் ஒன்று அனுப்புங்கள்.

பட்டர்வொர்த் ஃபெரி

அனுப்புகிறேன். ஆனால் ஒலிம்பிக் வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி சேர்ப்பேன், அதை யாரும் அழிக்கக் கூடாது.